ரேப்பல் கத்துக்கிட்டு கான்யனிங் ஆரம்பிக்கணும்: ஜயானில் கீஹோல் முதல் கான்யனா சரிவருமா?

பாலைக்கள்ளி:

வணக்கம். லாஸ் வேகஸில் நாலு பேர் கொண்ட குழு. ஒன்றரை வருஷமா உள்ளரங்கச் சுவரில் ஏறுறோம், டாப்-ரோப் (கயிறு மேலிருந்து வர்றது), லீட் (கயிற்றை மாட்டிக்கிட்டே ஏறுறது) ரெண்டுக்கும் பிலே (ஏறுறவரின் கயிற்றைப் பிடிக்கிறது) தேர்வு முடிச்சாச்சு. ஆனா ரேப்பல், அதாவது கயிற்றில் நாமாக இறங்கினது, கிடையாது. பிலே பிடிக்கிறவர்தான் இறக்கி விடுவார். லேபர் டே விடுமுறைக்கு யூட்டாவின் ஜயான் பூங்காவில் கீஹோல் கான்யனுக்கு (குறுகிய பாறைப் பள்ளம்) போகலாம்னு ஒரு யோசனை. மூணே ரேப்பல், சின்னது, எளிதுன்னு எல்லாரும் சொல்றாங்க.

கையில் இருக்கிறவை: ஹார்னஸ் (இடுப்புப் பட்டை), ஹெல்மெட், ஏடிசி (பிலே சாதனம்), 60 மீட்டர் டைனமிக் (நீளும்) கயிறு. இதுவே போதுமா? ரேப்பலை எந்த வரிசையில் பழகணும்? தனியா வகுப்பு எடுத்தே ஆகணுமா?

மணற்கல்:

கீஹோல் சின்னது என்பது சரி. எளிது என்பது பாதிதான் சரி. ரேப்பல் எதுவும் சுமார் 10 மீட்டரைத் தாண்டாது. ஆனா கடைசியில் வர்ற இடுக்கில் கையை விரிச்சா ரெண்டு சுவரும் தட்டும். வெயிலே எட்டாத தண்ணியில் இருட்டுக்குள்ள நீந்திப் போகணும். வெளியே 38 டிகிரி காயும், உள்ளே பல் கிடுகிடுக்கும். விரல் விறைச்சுட்டா காரபினரை (உலோகக் கொக்கி வளையம்) திறக்கக்கூட வராது, அதனால முழு வெட்சூட் (தண்ணிக் குளிரைத் தாங்கும் உடை) வேணும்.

கீஹோலுக்குக் கொடுத்திருக்கும் கடினத் தரம் 3பி என்பதை முதல்ல புரிஞ்சுக்குங்க. 3 என்றால் கயிறு இல்லாம இறங்க முடியாது, எல்லாரும் இறங்கிக் கயிற்றைக் கீழே இழுத்துட்டா வந்த வழியே திரும்பவும் முடியாது. பி என்றால் தண்ணி உண்டு, நீந்த வேண்டியிருக்கலாம், ஆனா ஓட்டம் இல்லை அல்லது லேசா இருக்கும். ஏ என்றால் காய்ஞ்சது, மிஞ்சினா கால் நனையும். சி என்றால் ஓடும் தண்ணி, அருவிக்குள்ளயே இறங்கணும்; அது வேற படிப்பு, இப்ப வேண்டாம். பக்கத்தில் இருக்கும் ரோமன் எண் எவ்வளவு நேரம் ஆகும் என்பதைச் சொல்லும். ஆர், எக்ஸ்னு ஆபத்துக் குறி ஏதாவது ஒட்டியிருந்தா அந்தப் பக்கமே போகாதீங்க.

இப்ப வரிசை. சுவர் ஏறுறவங்க செய்யும் தப்பு, இறங்கப் பழகினா போதும்னு நினைக்கிறது. இறங்குறது ஒரு மதியத்தில் வந்துடும். நடுவில் நிற்கிறது, கையை விடுறது, மறுபடி மேலே ஏறுறது, இந்த மூணும் வந்த பிறகுதான் கயிற்றை இழுத்துட்டுப் போற இடத்துக்குப் போகணும்.

முதல் நாள் தரையிலயே. ஆள் உயரத்தில் ஒரு உறுதியான மரக்கிளையில் கயிற்றைக் கட்டி, டிசெண்டரை (உராய்வால வேகத்தைக் கட்டுப்படுத்தும் இறங்கு சாதனம்) கண்ணை மூடிக்கிட்டே மாட்டி எடுக்கிற வரைக்கும் பழகுங்க. அடுத்தது 3 மீட்டர் சரிவு. அதுக்கப்புறம்தான் நேர் சுவர்.

விளிம்பில் ஒவ்வொரு தடவையும் ஒரே ஒழுங்கு: முதலில் பாதுகாப்பு வாலை (ஹார்னஸிலிருந்து வர்ற குட்டைக் கயிறு) ஆங்கரில் (கயிறு தொங்கும் பிடிமானம்) மாட்டு. கயிற்றை டிசெண்டரில் ஏற்று, காரபினரைப் பூட்டு. ஆட்டோபிளாக் (கை விட்டுப்போனா தானே இறுகும் கயிற்று வளையம்) போடுறதா இருந்தா அதையும் போடு. வால் மாட்டியிருக்கும்போதே உன் முழு எடையையும் டிசெண்டர்மேல உட்கார வை. அது பிடிக்குதுன்னு உடம்புக்குத் தெரிஞ்ச பிறகுதான் வாலைக் கழற்று. ரேப்பலில் நடக்கும் பெரிய விபத்துகளில் பல இந்த ஒரு நொடியில்தான். ரெண்டா தொங்கும் கயிற்றில் ஒரு இழை மட்டும் டிசெண்டரில் மாட்டியிருக்கும், அல்லது காரபினர் கயிற்றைப் பிடிக்காம டிசெண்டரை மட்டும் பிடிச்சிருக்கும், பார்க்க சரியாத்தான் தெரியும். எடையை வச்சுப் பார்த்தா வால் மாட்டியிருக்கும்போதே அது வெளிச்சத்துக்கு வந்துடும்.

விளிம்பைத் தாண்டுற அடிதான் கஷ்டம். ஆங்கர் தோளுக்கு மேல இருந்தா பின்னால சாஞ்சு நடந்துடலாம். கான்யனில் அது பெரும்பாலும் கணுக்கால் உயரத்தில்தான் கிடைக்கும். அங்கே நின்னுக்கிட்டு சாயப் பார்த்தா முதுகுப் பக்கம் தடுமாறி, ஊசல் மாதிரி போய்ச் சுவரில் மோதுவீங்க. விளிம்பில் உட்காருங்க, பிரேக் கை (டிசெண்டருக்குக் கீழே கயிற்றைப் பிடிக்கும் கை) பக்கத்து இடுப்பில் ஒருக்களிச்சு, கயிறு இறுகிய பிறகு மெதுவா வழுக்கி இறங்குங்க. அழகா இருக்காது, பரவாயில்லை.

இறங்கும்போது கால் தோள் அகலம், பாதம் முழுசும் சுவரில், முட்டி லேசா மடங்கி. பிரேக் கை இடுப்புக்குக் கீழே, பின்பக்கம். மேல் கை சும்மா துணைக்குத்தான். புதுசா இறங்குறவங்க மேல் கயிற்றை இறுக்கிப் பிடிச்சு, பிரேக் கையைத் தளர விட்டுடுவாங்க. படத்தில் வர்ற மாதிரி குதிச்சுக் குதிச்சு இறங்குறதும் வேண்டாம். ஒவ்வொரு குதிப்பிலும் ஆங்கர்மேல உங்க எடையைவிட அதிக இழுப்பு விழும், கயிறும் மணற்கல் விளிம்பில் அரம் மாதிரி அறுக்கும்.

ஈரக்கயிறு:

உபகரணம் பத்திக் கேட்டீங்க. டைனமிக் கயிற்றை வீட்டில் விட்டுடுங்க. அது விழுந்தவரைத் தாங்க நீளுறதுக்காகச் செஞ்சது. ரேப்பலில் அந்த நீட்சியே விளிம்பில் மேலும் கீழும் இழைச்சு உறையைத் தின்னும். தண்ணியும் குடிச்சுக் கனக்கும். கான்யனுக்கு ஸ்டாடிக் (அதிகம் நீளாத) கயிறு, 8 முதல் 9.5 மி.மீ., உறை பாலியெஸ்டரா இருந்தா நல்லது. ஆரம்பத்துக்கு 9 மி.மீ. பக்கம் வாங்குங்க. 8 மி.மீ. கயிறு தூக்க லேசுதான், ஆனா ஈரத்தில் கையில் நிற்காது.

நீளக் கணக்கு: ரெண்டு இழையா இறங்கினா, மிக நீளமான இறக்கத்தைப் போல ரெண்டு மடங்கு. 30 மீட்டர் இறக்கத்துக்கு 60 மீட்டர். அதோட, முதல் கயிறு சிக்கி வராமப் போனா மீதி இறக்கங்களை முடிக்க இன்னொரு கயிறும் பையில் இருக்கணும். ஒரே கயிற்றோட போறது துணிச்சல் இல்லை, அசட்டை.

ஏடிசி: சுவரில் 10 மி.மீ. கயிற்றுக்கு அது பிடிச்ச பிடியை ஈரமான மெல்லிய ஒற்றை இழையில் எதிர்பார்க்காதீங்க. கான்யனுக்கு பெட்ஸல் பிரானா, கிரிட்டர், டோட்டம் மாதிரி டிசெண்டர் ஏதாவது ஒண்ணு. இதுல எல்லாம் இறங்கிக்கிட்டே உராய்வைக் கூட்டலாம், பிரானாவில் கொம்பில் ஒரு சுற்றுப் போட்டா போதும். பழைய எட்டு வடிவ வளையம் மலிவு, ஆனா விளிம்பில் உரசினா கயிறு அதோட கழுத்துக்கு மேல ஏறிச் சுருக்காகிப் பூட்டிக்கும். அப்புறம் நீங்க அந்தரத்தில் தொங்கவேண்டியதுதான். பிரானாவில் கொம்பு வச்சது அதைத் தடுக்கவும்தான்.

உராய்வைப் பத்தி ஒண்ணு கவனிங்க. மேலே இருக்கும்போது கீழே தொங்குற கயிற்றின் எடையே ஒரு பிரேக். 30 மீட்டர்னா ஒன்றரை கிலோவுக்கு மேல. கீழே போகப் போக அந்த எடை குறையும். அதனால மேலே இழுத்துப் பறிச்சு இறங்கினவர் கீழே வரும்போது சறுக்குவார். மேலே 'ரொம்ப இறுக்கமா இருக்கே'ன்னு தோணினா அதுதான் சரியான அளவு.

மத்தபடி: பூட்டுக் காரபினர் ஆளுக்கு மூணு, அதில் ஒண்ணாவது அகன்ற வாய் உள்ளது. 6 மி.மீ. கயிற்று வளையம் ரெண்டு. பாதுகாப்பு வால். பிரேக் கைக்குத் தோல் கையுறை. விசில். கத்தி. கத்தியைப் பத்தி ஒரு எச்சரிக்கை: எடை தொங்குற கயிறு பிளேடு பட்ட மாத்திரத்தில் தெறிக்கும். டிசெண்டரில் முடியோ சட்டையோ மாட்டிக்கிச்சுன்னா கத்தியை எடுக்காதீங்க. டிசெண்டரைப் பூட்டி, மேலே ஒரு ப்ரூசிக் (எடை விழுந்தா கயிற்றில் இறுகும் முடிச்சு) போட்டு, அதில் காலடி வளையம் மாட்டி எழுந்து நின்னா எடை விலகும், மாட்டினதை உருவிடலாம். நீள முடி இருந்தா பின்னி சட்டைக்குள்ள விட்டுட்டே கிளம்புங்க, வேலை மிச்சம்.

பெரிய பையோட தொங்கல் இறக்கத்தில் (கால் சுவரில் படாத இடம்) இறங்கினா பை உங்களை மல்லாக்கச் சாய்க்கும். அதை ஹார்னஸ் வளையத்தில் ஒரு ஸ்லிங் (தைச்ச பட்டை வளையம்) வச்சு காலுக்கு நடுவே தொங்க விடுங்க.

செந்தாழை:

ஆட்டோபிளாக் பத்தி ரெண்டு பேரும் போற போக்கில் சொல்லிட்டுப் போயிட்டீங்க, அதுல விஷயம் இருக்கு. டிசெண்டருக்குக் கீழே பிரேக் கயிற்றில் நாலஞ்சு சுற்று சுற்றி ஹார்னஸில் மாட்டுற அந்த வளையம், கை விட்டுப்போனா தானே இறுகும். ஆனா வளையம் நீளமா இருந்து டிசெண்டரில் போய் இடிச்சா, டிசெண்டரே அதைத் தள்ளித் தளர்த்திடும், இறுகவே இறுகாது. டிசெண்டரை 30 செ.மீ. ஸ்லிங்கில் உயர்த்தி வச்சு, வளையத்தைக் குட்டையாக் கட்டுங்க. அப்புறம் தடிமன்: 6 மி.மீ. வளையம் 8 மி.மீ. கயிற்றில் வழுக்கும், சுற்றைக் கூட்டணும். தரையில் கையை விட்டுப் பார்க்காம நம்பாதீங்க.

ஓடும் தண்ணியில் இதைப் போடவே கூடாது. அருவிக்கு நடுவில் இறுகிக்கிட்டா தலைமேல தண்ணி கொட்டிக்கிட்டே இருக்கும், அவிழ்க்க முடியாது. அங்கே கயிற்று நுனியில் முடிச்சும் கூடாது. நுனி தண்ணிமட்டத்துக்குக் கொஞ்சம் மேலயே முடியணும், இறங்குறவர் அப்படியே கயிற்றைவிட்டு வழுக்கி நீந்திப் போயிடணும். காய்ஞ்ச இடத்தில் நேர் எதிர்: நுனியில் முடிச்சுப் போடணும். இந்த ரெண்டையும் குழப்பிக்கிறது ஆபத்து.

நாலு பேருக்கு அதைவிட எளிய காவல் ஒண்ணு இருக்கு. முதலில் இறங்கினவர் கீழே நின்னு கயிற்று நுனியைக் கையில் வச்சுக்கட்டும். மேலே உள்ளவர் சறுக்கினா கயிற்றை இறுக்கி இழுத்தாலே டிசெண்டர் பிடிச்சு நிறுத்திடும். ஆனா நேர் கீழே நிக்கக்கூடாது, கல்லு விழும். முதல் ஆளுக்கு இந்தக் காவல் கிடையாது, அதனால ஆட்டோபிளாக் அவருக்குத்தான் முக்கியம்.

ஆங்கரைப் பத்தி யாரும் வாயே திறக்கலையே! உங்களுக்கு முன்னால போனவங்க விட்டுட்டுப் போன வெப்பிங் (நைலான் பட்டை) வளையம்தான் பல இடத்தில் உங்க உயிரைப் பிடிச்சிருக்கும். முன்பக்கம் பார்த்தா போதாது. விரலால தடவிக்கிட்டே மரத்துக்கும் பாறைக்கும் பின்னால வரைக்கும் முழுச் சுற்றும் போங்க. வெயிலில் வெளுத்து மொரமொரன்னு ஆனதா, எலி கடிச்சதா, கயிறு உரசி உருகிக் கண்ணாடி மாதிரி பளபளக்குதா பாருங்க. சந்தேகம்னா வெட்டி எடுத்துட்டு புதுசு கட்டுங்க. பழசுமேலயே இன்னொண்ணைச் சேர்த்துக் கட்டினா அடுத்து வர்றவருக்கு எதை நம்புறதுன்னு தெரியாது. வெட்டினதைப் பையில் போட்டு வெளியே கொண்டுவாங்க. அதுக்காக 1 அங்குலக் குழாய் வெப்பிங் 10 மீட்டராவது, ரேப்பிட் லிங்க் (மரை வச்சு மூடும் உலோக வளையம்) மூணு நாலு கையில் இருக்கட்டும். பட்டை நுனிகளை இணைக்க வாட்டர் நாட் முடிச்சு போடுங்க, நுனி ரெண்டும் குறைஞ்சது 3 அங்குலம் நீட்டி விடுங்க. அது தானா நழுவுற முடிச்சு.

மரம்னா உயிரோட இருக்கணும், 5 அங்குலத்துக்குக் குறையாத தடிமன், வேர் ஊணியிருக்கணும், வளையம் அடிமரத்திலேயே சுத்தணும். இடுக்கில் மாட்டின பாறைன்னா, இழுக்கிற திசையில் அது இன்னும் இறுகணும், உருண்டு வரக்கூடாது. ரெண்டு புள்ளியிலிருந்து வளையம் வந்தா நடுக்கோணம் 60 டிகிரிக்குள்ள இருக்கட்டும், அப்ப ஒவ்வொரு பக்கமும் உங்க எடையில் சுமார் 58 சதவீதம் தாங்கும். 120 டிகிரிக்கு விரிஞ்சா ஒவ்வொரு பக்கமும் முழு எடையையும் தாங்கணும்.

கயிற்றை வெப்பிங்குக்குள்ளயே நேரா விட்டுடாதீங்க. இழுக்கும்போது நைலான்மேல நைலான் ஓடி, சூட்டில் வெப்பிங்கை அறுத்துடும். நடுவில் உலோக ரேப்பிட் லிங்க் இருக்கணும், மரை முழுக்க மூடியிருக்கணும்.

பாலைக்கள்ளி:

ரொம்ப நன்றி. ஏடிசி, டைனமிக் ரெண்டும் தள்ளி வச்சாச்சு. ஒரு சந்தேகம். ஒற்றை இழையில் இறங்கும்போது லிங்க்குக்குப் பக்கத்தில் காரபினர் வச்சு அடைக்கிறாங்களே, அதுல எந்த இழை இறங்குறதுக்கு, எந்த இழை இழுக்குறதுக்கு? எத்தனை தடவை படிச்சாலும் தலைகீழாயிடுது.

ஈரக்கயிறு:

குழம்புறது நல்லதுதான், குழம்பாதவங்கதான் தப்பான இழையில் மாட்டிக்கிறாங்க.

லிங்க் ஒரு ஜன்னல் கம்பின்னு வச்சுக்குங்க. கயிறு அதுக்குள்ள நுழைஞ்சு ரெண்டு பக்கமும் தொங்குது. வலப்பக்க இழையில், லிங்க்கை ஒட்டி, காரபினரின் முதுகுத்தண்டில் க்ளோவ் ஹிட்ச் முடிச்சு போடுறீங்க. இப்ப இடப்பக்க இழையில் தொங்கினா கயிறு இடப்பக்கம் ஓடப் பார்க்கும், காரபினர் லிங்க்கில் இடிச்சு நிக்கும். அதனால இடது இறங்க, வலது இழுக்க. முடிச்சு இருக்கிற பக்கத்தில் மாட்டினா? தடுக்க எதுவும் கிடையாது, கயிறு முழுசும் சரசரன்னு உருவிக்கிட்டு உங்களோடயே கீழே வந்துடும்.

வால் மாட்டி எடை வச்சுப் பாருன்னு மணற்கல் சொன்னது இங்கேயும் காப்பாத்தும்.

லிங்க் பெருசா, காரபினர் சின்னதா இருந்தா முடிச்சு உள்ளே புகுந்து ஆப்பு மாதிரி இறுகும், இல்லேன்னா தாண்டியே வந்துடும். சில ஆங்கரில் பெரிய வளையம்தான் இருக்கும், அங்கே இது வேண்டாம். கடைசி ஆள் முடிச்சை அவிழ்த்துட்டு ரெண்டு இழையிலேயே இறங்கட்டும். முடிச்சு இல்லாம இழுத்தா பாறையில் சிக்குறதும் குறையும்.

அந்தக் கடைசி ஆள் கிளம்புறதுக்கு முன்னால கீழே உள்ளவங்க ஒரு தடவை இழுத்துப் பார்க்கணும். அரை மீட்டர் நகர்ந்தா போதும். நகரலைன்னா மேலே ஆள் இருக்கும்போதே இழையின் முறுக்கை எடுத்து, விளிம்பைத் தாண்டி லிங்க் வர்ற மாதிரி வெப்பிங்கை நீட்டிடலாம். எல்லாரும் கீழே வந்துட்டா மேலே ஏற ஆள் ஏது? இழுக்கும்போது எதிர் நுனியில் போட்ட முடிச்சை அவிழ்த்தாச்சான்னு சத்தமாக் கேளுங்க. மறந்த முடிச்சுதான் லிங்க்கில் போய் மாட்டும்.

மணற்கல்:

தேதியைப் பத்திச் சொல்ல விட்டுப்போச்சு. லேபர் டே என்பது செப்டம்பர் முதல் திங்கள். அங்கே ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரைக்கும் மதியப் புயல்மழைக் காலம். 2015 செப்டம்பர் 14-ஆம் தேதி இதே கீஹோலில் திடீர் வெள்ளத்தில் ஏழு பேர் இறந்தாங்க. உங்க தலைக்கு மேல வானம் நீலமா இருக்கலாம், மழை மேட்டுப்பக்கம் பெஞ்சிருக்கும். வழுக்குப்பாறையில் மண்ணே இல்லை, உறிஞ்ச எதுவும் கிடையாது, பெஞ்சதெல்லாம் இடுக்குக்குள்ளதான் வரும். இடுக்கின் நடுவில் ஏறி ஒதுங்க இடமும் இல்லை.

பூங்காவே தினமும் வெள்ள வாய்ப்பை நாலு படியாப் போடும்: எதிர்பார்க்கவில்லை, சாத்தியம், வாய்ப்பு அதிகம், நிச்சயம் எதிர்பார்க்கிறோம். முதல் படியைத் தவிர வேறெதுவா இருந்தாலும் புதுக் குழு இடுக்குக்குள்ள போகவேண்டாம். பெர்மிட் கொடுத்துட்டாங்களே என்பது பாதுகாப்புச் சான்று இல்லை, முடிவு உங்களோடதுதான். உள்ளே இருக்கும்போது தெளிஞ்ச தண்ணி கலங்கினா, குச்சி சருகு மிதந்து வந்தா, தூரத்தில் லாரி ஓடுற மாதிரி இரைச்சல் கேட்டா, ஒரு நொடியும் நிக்காம கிடைச்ச உயரத்துக்கு ஏறுங்க, பையை விட்டுட்டு.

வகுப்பு எடுக்கணுமான்னு கேட்டீங்க. எடுங்க, குறைஞ்சது ரெண்டு நாள். ஜயான் பூங்காவுக்குள்ள வழிகாட்டியோட கயிற்றுக் கான்யன் போக அனுமதி இல்லை, பயிற்சி நிறுவனங்கள் எல்லாம் பூங்காவுக்கு வெளியே உள்ள நிலத்தில்தான் நடத்துறாங்க. சேர்றதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு கேளுங்க: 'நான் ஆங்கர் கட்டி, கயிறு போட்டு, ப்ரூசிக்கில் ஏறி வருவேனா, இல்லை நீங்க மாட்டிவிட நான் இறங்குவேனா?' ரெண்டாவதுன்னா அது சுற்றுலா.

முதல் கான்யனுக்கு என் வாக்கு: யூட்டாவில் மோவாப் ஊர்ப் பக்கம் எஃபெட்ராஸ் க்ராட்டோ கான்யன். ரெண்டே ரேப்பல், ரெண்டாவது மார்னிங் க்ளோரி இயற்கைப் பாலத்துக்குப் பக்கத்தில் 30 மீட்டருக்கு மேல தொங்கல். 60 மீட்டர் கயிறு ஒண்ணு ரெண்டு இழையாப் போதாது. இணைக்க இன்னொரு கயிறோ இழுகயிறோ (கயிற்றைத் திரும்ப இழுக்க மட்டும் உதவும் மெல்லிய கயிறு) எடுத்துக்குங்க, நீளத்தைப் புது விவரத்தோட சரிபார்த்துட்டு.

பாலைக்கள்ளி:

அப்ப லேபர் டே ரத்து. அக்டோபரில் வகுப்பு, கீஹோல் அடுத்த வருஷம் மே கடைசியிலன்னு பேசிக்கிட்டோம். தரையில் ப்ரூசிக் ஏறிப் பார்த்தோம், ரெண்டு மீட்டருக்கே மூச்சு வாங்குது. காலடி வளையம் எவ்வளவு நீளம் வைக்கணும்?

செந்தாழை:

நீளம் தப்பா இருந்தா அப்படித்தான் வாங்கும். மேல் ப்ரூசிக் ஹார்னஸில். அது கை முழுசா நீட்டினா எட்டுற தூரத்துக்குக் கொஞ்சம் குறைவா. கீழ் ப்ரூசிக் காலுக்கு. நேரா நிற்கும்போது அந்த முடிச்சு இடுப்புக்கும் மார்புக்கும் நடுவில் வரணும். கையால இழுத்து ஏறப் பார்க்காதீங்க. உட்காரு, கால் முடிச்சை மேலே தள்ளு, குதிகாலைப் பின்தொடைக்குக் கீழே மடக்கி எழுந்து நில்லு, மேல் முடிச்சைத் தள்ளு. ஒரு தடவைக்கு 30, 40 செ.மீ. போனா நல்ல வேகம். கயிற்று நுனியைக் கீழே ஒருத்தர் லேசா இழுத்துப் பிடிச்சா முடிச்சு எளிதா நகரும். 5 மீட்டர் ஏறி, அங்கேயே டிசெண்டர் மாட்டி, ப்ரூசிக்கைக் கழற்றி இறங்குங்க. வெட்சூட்டும் ஈரக் கையுறையும் போட்டுக்கிட்டு இதை நாலு பேரும் தனித்தனியா செஞ்சு முடிச்சா அப்புறம் பெர்மிட் பத்திப் பேசலாம்.